வயிற்றில் ஒரு வாசல்



இது நீளமான பதிவு. வழக்கமாகப் பழைய கோயில், ஊர்ப்பெயர், பழைய பாடப்புத்தகம் என்று எழுதுவேன். இன்றைக்கு எழுதப்போவதும் சரித்திரம்தான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வாருங்கள்.

போன வாரம், 1990-களில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். "டீச்சர், அப்பாவுக்கு மலக்குடல்ல கட்டியாம். ஆபரேஷன் பண்ணி வயித்துல பை வைக்கணும்னு சொல்றாங்க. அப்பா ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க. அந்தக் கண்றாவியச் சுமந்துக்கிட்டு வாழ்றதுக்கு இப்படியே போயிடுறேன்னு சொல்றாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க டீச்சர்" என்றான்.

அவன் அப்பா எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்தவர். என் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பார். அதை நினைத்துத்தான் அவன் கூப்பிட்டான். அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நான்கு வருடங்களாக என் வயிற்றிலும் ஒரு பை இருக்கிறது.

உறவினர்களே, அண்ணன் மகன் கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று மதினி வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். மூட்டுவலி என்று சொன்னேன். பொய். மாணவர்களே, பழைய மாணவர் சந்திப்புக்கு இரண்டு முறை கூப்பிட்டீர்கள். வெளியூர்ப் பயணம் என்றேன். அதுவும் பொய். வகுப்பில் பொய் சொன்னால் எழுந்து நிற்கச் சொல்வேனே, இன்றைக்கு நானே எழுந்து நிற்கிறேன்.

என் கதை இருக்கட்டும். முதலில் பாடத்துக்கு வருவோம்.

கரும்பலகையில் 'ப' என்ற எழுத்தைத் தலைகீழாக எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் பெருங்குடல் கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். நீளம் சுமார் 5 அடி. வயிற்றின் வலப்பக்கம் கீழே தொடங்கி மேலே ஏறும். அது ஏறுகுடல். ஈரலுக்கு அடியில் திரும்பி இடப்பக்கம் நோக்கிக் குறுக்கே போகும். அது குறுக்குக்குடல். பிறகு இடப்பக்கமாகக் கீழே இறங்கும். அது இறங்குகுடல். அதன் முடிவில் ஒரு வளைவு, அதற்கு சிக்மாய்டு என்று பெயர். அதற்குப் பிறகு மலக்குடல், கடைசியில் ஆசனவாய். வலப்பக்கம் வரும்போது கழிவு தண்ணீராக இருக்கும். போகப்போகக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் இடப்பக்கம் வந்து சேரும்போது கெட்டிப்பட்டுவிடும்.

இந்த வழியில் எங்காவது அடைப்பு, கிழிசல், புற்றுநோய் என்று வந்து, கழிவு இயல்பான பாதையில் போகக் கூடாது அல்லது போக முடியாது என்ற நிலை வந்தால், பெருங்குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தோலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். இதுதான் கொலாஸ்டமி. வெளியே தெரியும் அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் ஸ்டோமா என்றால் வாய். நம் தமிழிலும் கீழே இருப்பதை ஆசன'வாய்' என்றுதானே சொல்கிறோம். வாய் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னுடையது இடப்பக்கம் தொப்புளுக்குக் கீழே இருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உதட்டின் உட்புறம் போல சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. அதை இறுக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. அதனால் கழிவு வரும் நேரம் நம் கையில் இல்லை. பை எதற்கு என்றால் அதற்குத்தான்.

சரி, இது யாருக்கு முதலில் தோன்றியது?

நம் நாட்டு சுசுருத சம்ஹிதையிலேயே வயிற்றைத் திறந்து குடல் அடைப்பை எடுப்பது பற்றிச் சொல்லியிருக்கிறது. ஓட்டை விழுந்த குடலைச் சேர்த்துப் பிடிக்க பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடும் முறையும் அதில் உண்டு. ஆனால் குடலை வெளியே கொண்டுவந்து நிரந்தரமாக வாசல் வைப்பது என்பது வேறு யோசனை. அதை மனிதருக்கு முதலில் காட்டியது இயற்கைதான் என்று சொல்லலாம். போரில் வயிற்றில் காயம் பட்டுக் குடல் கிழிந்தவர்களில் ஒருசிலருக்கு, கிழிந்த குடல் தானாகவே காயத்தின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு, அந்த வழியாகக் கழிவு வெளியேறும். அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். 1706-ல் ராமிலீஸ் என்ற இடத்தில் நடந்த போரில் அடிபட்ட ஒரு சிப்பாய் இப்படி 14 ஆண்டுகள் வாழ்ந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள்.

1710-ல் பாரீஸில் அலெக்ஸி லித்ரே என்ற மருத்துவர், பிறந்து ஆறே நாளில் இறந்துபோன ஒரு குழந்தையின் உடலை அறுத்துப் பார்த்தார். மலக்குடல் இரண்டு துண்டாகப் பிரிந்து, மேல்துண்டின் வாய் மூடியிருந்தது. கழிவு வெளியேற வழியே இல்லை. மேல்பகுதிக் குடலை வயிற்றுக்குக் கொண்டுவந்து திறந்து வைத்தால் அதுவே ஆசனவாயின் வேலையைச் செய்யுமே என்று அவர் சொன்னார். சொன்னாரே தவிர, செய்து பார்க்கவில்லை.

செய்து பார்க்க 66 ஆண்டுகள் ஆயின. 1776-ல் பிரான்ஸின் ரூவான் நகரில் ஒரு ஒயின் வியாபாரிக்கு மலக்குடல் புற்றால் முழு அடைப்பு. அந்தக் காலத்து வழக்கப்படி, கனத்தால் அடைப்பைத் தள்ளிவிடும் என்று இரண்டு பவுண்டு பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். அது உள்ளே தங்கிவிட்டது. பிய்யோர் என்ற மருத்துவர் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வாசல் வைத்தார். வாசல் வேலை செய்தது. வயிறு இறங்கியது. ஆனாலும் 28-ஆம் நாள் நோயாளி இறந்துபோனார். பாதரசத்தின் பாரத்தால் சிறுகுடல் கெட்டுப்போயிருந்தது பிறகு தெரிந்தது. ஆபரேஷன் கொல்லவில்லை, அதற்கு முன் கொடுத்த மருந்து கொன்றது.

அடுத்தது 1793. பெரிய வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி படித்திருப்பீர்கள். பதினாறாம் லூயி மன்னனின் தலையைக் கில்லட்டினில் வெட்டிய வருடம். அதே வருடம் அதே நாட்டில், பிரெஸ்ட் என்ற துறைமுக ஊரில் டுரே என்ற மருத்துவரிடம் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தை. வயிறு உப்பி, சாகக் கிடந்தது. டுரே முதலில் ஏழைகள் விடுதியில் இறந்துபோன வேறொரு குழந்தையின் உடலில் செய்து பார்த்துக்கொண்டார். பிறகு இந்தக் குழந்தையின் இடப்பக்க அடிவயிற்றைத் திறந்து, சிக்மாய்டு குடலை வெளியே இழுத்து, அது உள்ளே நழுவாமல் அடியில் மெழுகு பூசிய நூல்களைக் கோத்து, திறந்துவிட்டார். மயக்க மருந்து இல்லாத காலம். கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலம். அந்தக் குழந்தை பிழைத்தது. 45 வயது வரை வாழ்ந்தது.

இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 45 வயது என்றால், அந்தப் பிள்ளை ஓடியாடி வளர்ந்திருக்க வேண்டும். அவனுக்குப் பை கிடையாது. துணிதான் கட்டியிருப்பான். அவன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அவன் மேல் எப்போதும் ஒரு வாடை அடிக்கும். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். நான் அவனைக் கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரம் தனியாக உட்கார வைத்தேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளையக் குளிப்பாட்டி அனுப்பக் கூடாதா?" என்று கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. பல வருடம் கழித்து அந்த ஊர் சத்துணவு ஆயா சொல்லித்தான் தெரியும். பிறவியிலேயே ஆசனவாய் இல்லாத பிள்ளை, வயிற்றில் வாசல் வைத்து, மறுபடி ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். அவன் அம்மா பழைய சேலைத் துணியை மடித்துக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் இதைப் படிப்பானா என்று தெரியாது. படித்தால், தம்பி, டீச்சரை மன்னித்துவிடு.

சரித்திரத்துக்குத் திரும்புவோம்.

டுரே செய்து காட்டிய பிறகும் இந்த ஆபரேஷன் பரவவில்லை. வயிற்றின் உள்ளுறையைத் திறந்தால் சீழ் பிடித்துச் சாவுதான் என்ற பயம். அதனால் கோபன்ஹேகன் நகரத்து காலிசென் என்பவர் 1798-ல், முன்வயிற்றைத் தொடாமல் முதுகுப்பக்கம் இடுப்பு வழியாக இறங்குகுடலைத் திறக்கலாம் என்று யோசனை சொன்னார்.

1838-ல் பாரீஸின் புகழ்பெற்ற மருத்துவர் புரூஸே மலக்குடல் புற்றால் இறந்தார். நாடே மதித்த வைத்தியர், கடைசியில் குடல் அடைத்து வயிறு வீங்கி இறந்தார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அமுஸ்ஸா என்ற அறுவை மருத்துவர். அந்த வேதனை அவரை விடவில்லை. அதுவரை நடந்த ஆபரேஷன்களின் பழைய குறிப்புகளையெல்லாம் தேடிப் படித்தார். பிணங்களில் செய்து பழகினார். 1839-ல் அடைப்பால் தவித்த ஒரு பெண்மணிக்கு இடுப்பு வழியாக வாசல் வைத்துக் காப்பாற்றினார். அதன் பிறகுதான் ஐரோப்பாவில் மற்றவர்களும் துணிந்தார்கள்.

ஆனால் முதுகுப்பக்கம் வாசல் இருந்தால் நோயாளி தானே அதைப் பார்க்க முடியாது, துடைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கை வேண்டும். உயிர் இருக்கும், மானம் போய்விடும். 1846-ல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து வந்தது. 1867-ல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் கிருமியைத் தடுக்கும் முறையை எழுதினார். வயிற்றைத் திறக்கும் பயம் குறைந்த பிறகு வாசல் மறுபடி முன்பக்கம் வந்தது.

இனி வகைகளைச் சொல்கிறேன். எங்கே வைக்கிறார்கள் என்பதை வைத்து நான்கு. ஏறுகுடலில் வைப்பது அபூர்வம், கழிவு தண்ணீராகவே வரும். குறுக்குக்குடலில் வைப்பது மேல்வயிற்றில் இருக்கும், கழிவு கூழ்ப் பதத்தில் வரும். இறங்குகுடலில் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். சிக்மாய்டில் வைப்பதுதான் அதிகம், கழிவு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். இதே வேலையைச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் செய்தால் அதற்கு இலியாஸ்டமி என்று பெயர்.

எப்படி வைக்கிறார்கள் என்பதை வைத்து மூன்று.

ஒன்று, வளைய முறை. குடலை வெட்டாமல் ஒரு வளைவாக வெளியே இழுத்து, மேல்பக்கத்தில் மட்டும் திறப்பது. இழுத்த குடல் உள்ளே போகாமல் இருக்க அடியில் ஒரு குச்சி வேண்டும். 1888-ல் வியன்னாவில் மைட்ல் என்பவர் அதற்கு வாத்து இறகின் தண்டைப் பயன்படுத்தினார். இன்றைக்கு பிளாஸ்டிக் குச்சி, சில நாளில் எடுத்துவிடுவார்கள். இது பெரும்பாலும் தற்காலிக வாசல். கீழே ஒரு காயமோ தையலோ ஆறும்வரை கழிவைத் திருப்பிவிடுவதற்கு. ஆறியதும் மூடி உள்ளே அனுப்பிவிடுவார்கள். பிரசவத்தில் கிழிந்து மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்த பெண்களுக்கும், ஆசனவாய்ப் பகுதியில் பெரிய காயம் பட்டவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

இரண்டு, இரட்டைக்குழல் முறை. குடலை முழுவதும் வெட்டி, இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியே வைப்பது. மேல்முனையில் கழிவு வரும். கீழ்முனையில் சளி மட்டும் வரும்.

மூன்று, ஒற்றை முனை. குடலை வெட்டி, மேல்முனையை மட்டும் வெளியே வைப்பது. கீழ்ப்பகுதியை எடுத்துவிடுவார்கள் அல்லது மூடி உள்ளேயே விட்டுவிடுவார்கள்.

என்னுடையது இந்த மூன்றாவது வகை. அதற்குப் பின்னால் லண்டனின் எர்னெஸ்ட் மைல்ஸ் இருக்கிறார். அவர் காலத்தில் மலக்குடல் புற்றைக் கீழிருந்து மட்டும் வெட்டி எடுப்பார்கள். மைல்ஸ் தான் அப்படிச் செய்த 57 பேரின் கணக்கைத் தானே எடுத்துப் பார்த்தார். 54 பேருக்கு நோய் திரும்பி வந்திருந்தது. தன் தோல்வியைத் தானே எண்ணி எழுதி வைத்த மனிதர். நோய் மேல்நோக்கியும் பரவுகிறது என்று புரிந்துகொண்டு, 1908-ல் வயிற்று வழியாகவும் கீழ் வழியாகவும் சேர்ந்து மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதும் அகற்றி, வயிற்றில் நிரந்தர வாசல் வைக்கும் முறையை வெளியிட்டார். கட்டி ஆசனவாய்த் தசைக்கு மிக அருகில் இருந்தால் இன்றைக்கும் இதே வழிதான்.

1921-ல் பிரான்ஸின் ஆன்றி ஹார்ட்மன் இன்னொரு முறை சொன்னார். நோயுள்ள சிக்மாய்டை எடுத்துவிட்டு, மேல்முனையை வயிற்றில் வாசலாக வைத்து, கீழே மலக்குடலைத் தைத்து மூடி அப்படியே விட்டுவிடுவது. அவர் புற்றுநோய்க்காகச் செய்தார், திருப்பி இணைக்கும் எண்ணத்தில் செய்யவில்லை. இன்றைக்கு அவசர ஆபரேஷன்களில் அவர் பெயர் அதிகம் அடிபடுகிறது. குடலில் ஓட்டை விழுந்து வயிறெல்லாம் சீழ் பரவியிருக்கும்போது, அல்லது சிக்மாய்டு கயிறு போல முறுக்கிக்கொண்டு அழுகிவிட்டபோது, அந்தச் சமயத்தில் குடலை இணைத்துத் தைத்தால் தையல் பிரியும் ஆபத்து அதிகம். அதனால் வாசல் வைத்து முதலில் உயிரைக் காப்பாற்றுவார்கள். உடம்பு தேறியபின் முடிந்தவர்களுக்கு இணைப்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் குண்டடி பட்டவர்களைப் பார்த்த ஓகில்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், பெருங்குடலில் காயம் என்றால் தைத்து உள்ளே விடாதே, வெளியே கொண்டுவா என்று சொன்னார். 1943, 1944-வாக்கில் அது பிரிட்டன், அமெரிக்கப் படைகளில் விதியாகவே ஆனது. ரத்தம் ஏற்றுவது, பென்சிலின், காயம்பட்டவரை வேகமாகக் கொண்டுவருவது எல்லாமும் சேர்ந்து முதல் போரைவிடச் சாவு குறைந்தது. பிறகு 1979-ல் அமெரிக்காவில் ஸ்டோன், ஃபேபியன் என்ற இருவர் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்து, தகுந்த காயங்களை நேராகத் தைத்தாலே போதும் என்று காட்டினார்கள். ஆகவே இன்று அடிபட்ட எல்லோருக்கும் வாசல் வைப்பதில்லை.

புற்றுநோயிலும் அப்படித்தான். 1982-ல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட், மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சிதையாமல் எடுக்க வேண்டியதன் அவசியத்தை எழுதினார். குடலை வட்டமாக இணைக்கும் ஸ்டேப்ளர் கருவியும் வந்தது. இன்றைக்கு மலக்குடல் புற்று உள்ள பலருக்கு இயல்பான வழியையே காப்பாற்ற முடிகிறது. ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, சுமார் 5,000-ல் ஒரு குழந்தை அப்படிப் பிறக்கிறது, பலருக்கும் முதலில் கொலாஸ்டமி, சில மாதத்தில் புதிய ஆசனவாய், பிறகு வாசலை மூடுவது என்று மூன்று கட்டமாகச் செய்கிறார்கள். அதற்கு இன்றுள்ள முறையை 1980-ல் மெக்ஸிகோவில் ஆல்பர்டோ பேனா தொடங்கினார். டுரேயின் குழந்தைக்குக் கிடைக்காத கடைசிக் கட்டம் இப்போதைய பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

கவனித்தீர்களா, இதுவரை சொன்ன 200 ஆண்டுக்கும் மேலான கதையில் பையைப் பற்றி ஒருவரும் பேசவே இல்லை. கத்தி பிடித்தவர்கள் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன பிறகு என்ன? துணி, பஞ்சு, தகர டப்பா, இடுப்பில் கட்டும் ரப்பர் பை. ஒழுகும், நாறும், தோல் வெந்துபோகும்.

டென்மார்க்கில் எலிசே சோரென்சன் என்று ஒரு நர்ஸ். அவர் தங்கை தோராவுக்கு கொலாஸ்டமி செய்திருந்தார்கள். வெளியே போனால் ஒழுகிவிடுமோ என்று தோரா வீட்டை விட்டுக் கிளம்பவே மறுத்தார். தங்கை முடங்கிக் கிடப்பதைப் பொறுக்காமல் எலிசே 1954-ல், தோலில் ஒட்டிக்கொள்ளும் வளையமுள்ள, பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பையை யோசித்தார். பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஆகே லூயிஸ் ஹான்சென் என்பவரிடம் கொண்டுபோனார். அவருக்கு முதலில் விருப்பமில்லை. அவர் மனைவி யோஹானா ஒரு நர்ஸ். இதன் அருமை அவருக்குத் தெரிந்தது. கணவரைச் சம்மதிக்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் 1957-ல் கோலோபிளாஸ்ட் நிறுவனம்.

அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ரூபர்ட் டர்ன்புல் என்ற மருத்துவர், 1952-ல் ஈரத்தோலிலும் ஒட்டக்கூடிய கரையா கோந்தை ஸ்டோமாவைச் சுற்றிப் பயன்படுத்தினால் தோல் புண்ணாகாது என்று கண்டுபிடித்தார். அந்தக் கோந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் நாட்டு மத்தியப் பிரதேச, ஆந்திரக் காட்டு மரத்திலிருந்து. மலைவாழ் மக்கள் மரத்தைக் கீறி எடுப்பது. அதுவரை பல்செட்டை ஒட்டப் பயன்பட்டுவந்தது. டர்ன்புல்லிடம் இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியையே, 1958-ல் அவர் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்கு வைத்தார். அனுபவித்தவர் சொன்னால்தான் எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டோமா நர்ஸ் என்ற தொழிலே அப்படித்தான் பிறந்தது. நம் நாட்டில் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் இதற்கென்றே நர்ஸ்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு.

தோராவின் கதையைப் படித்துவிட்டு நான் அழுதேன். என்னிடம் ஒழுகாத பை இருந்தது. இருந்தும் இரண்டு வருடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லையே. என் தங்கைதான் வந்து பத்து நாள் தங்கி, "நீ கல்யாணத்துக்கு வர வேண்டாம், என்கூட மார்க்கெட் வரைக்கும் வா" என்று கூட்டிக்கொண்டு போனாள். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு ரத்தம் போகத் தொடங்கி ஏழு மாதம் மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். முதலில் பார்த்த டாக்டரும் மூலம் என்றார். அவர் பரிசோதிக்க வேண்டும் என்றபோது வெட்கப்பட்டு, வேண்டாம், மருந்து மட்டும் கொடுங்கள் என்று எழுந்து வந்தது நான்தான். அந்த ஏழு மாதத்தில் கட்டி எவ்வளவு வளர்ந்ததோ. பிறகு கரண்ட் வைத்து, ஊசி மருந்து ஏற்றி, ஆபரேஷன். ஆகவே என் பிள்ளைகளே, மலத்தில் ரத்தம் வந்தால், மலம் கழிக்கும் வழக்கம் காரணமில்லாமல் மாறினால், பரிசோதிக்காமல் மூலம் என்று முடிவு செய்யாதீர்கள். வெட்கப்படும் இடம் அது இல்லை.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். எல்லாம் சாப்பிடுகிறேன். மொச்சை, முட்டைக்கோஸ் மட்டும் வாயு என்று குறைத்துக்கொண்டேன். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுவேன். குடம் தூக்குவதில்லை, குடல் பிதுங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குளிக்கலாம், சேலை கட்டலாம், பஸ்ஸில் போகலாம், கோயிலுக்குப் போகலாம். பைக்கு ஆகும் செலவு மாதாமாதம் கைக்காசுதான், அது கஷ்டமே. சில நேரம் நாலு பேர் நடுவில் சத்தம் வரும். வந்தால் வரட்டும் என்று பழகிவிட்டது.

மாணவனின் அப்பாவிடம் அன்று மாலையே பேசினேன். டுரே, மைல்ஸ் எல்லாம் சொல்லவில்லை. "அண்ணாச்சி, எனக்கும் இருக்கு. நாலு வருஷம் ஆச்சு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டீச்சர், நீங்க என்னைக் கேலி பண்ணலியே?" என்றார். இல்லை என்றேன். "வேட்டி கட்டலாமா டீச்சர்?" என்று கேட்டார். பையின் இடத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே, உட்கார வைத்து, நிற்க வைத்துப் பார்த்துக் குறிப்பார்கள், வேட்டி எங்கே கட்டுவேன் என்று அப்போதே டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "அப்பச் சரி" என்றார். வியாழக்கிழமை சேர்கிறார். இதை எழுதிக்கொள்ளச் சம்மதமும் கொடுத்தார்.

உங்கள் வீட்டில், தெருவில் இப்படி யாராவது கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். என்னோடு பேச வேண்டும் என்றால் என் எண் உங்களிடம் இருக்கிறது. மதினி, அடுத்த மாதம் காதுகுத்துக்குக் கட்டாயம் வருகிறேன். பாத்ரூம் பக்கத்து அறையை மட்டும் எனக்கு ஒதுக்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்